செயலாளரின் ஆண்டறிக்கை: இரட்டை எழுத்து நாணயங்கள் குறித்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவுசெலவும் உறுப்பினர் சேர்க்கையும் பொருளாளரின் அறிக்கையில் இடம்பெறுவதால், இவ்வாண்டுக் கூட்டங்களில் நம் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்ட ஒன்றை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். எழுத்தோ ஆண்டெண்ணோ இரட்டையாகத் தெரிகிறது என்று உறுப்பினர்கள் கொண்டுவந்த நாணயங்களுள் மிகப் பெரும்பாலானவை டபுள்டு டை, அதாவது நாணயம் அடிக்கும் அச்சான டையிலேயே உரு இரட்டித்தவை, அல்ல; அடிக்கும்போது டை நகர்வதால் வரும் மெஷின் டபுளிங்தான்.

மூல உருவைத் தாங்கிய ஹப் என்ற கருவியை டையின் மீது ஒருமுறைக்கு மேல் அழுத்தும் முறையில், அடுத்த அழுத்தம் சற்றே விலகினால் இரட்டை உரு டையிலேயே பதிந்துவிடும். அந்த டை அடிக்கும் நாணயம் ஒவ்வொன்றிலும் அதே இரட்டிப்பு அதே இடத்தில் வரும். மெஷின் டபுளிங்கில் டையின் உருவில் குறையேதும் இல்லை. சரியாக இறுகாத டை, அடி விழுந்த மறுகணம் நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கித் தள்ளிவிடுகிறது. ஆகவே டபுள்டு டையில் இரண்டாம் உருவும் உருண்டு எழுந்து நிற்கும், எழுத்து தடிக்கும், அதன் முனைகளில் பிளவு தெரியும். மெஷின் டபுளிங்கிலோ தாழ்ந்த, தட்டையான படி ஒன்றே தெரியும், எழுத்தின் மேற்பகுதி மெலிந்திருக்கும்.

1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் டபுள்டு டையில் ஆண்டெண்ணும் வாசகங்களும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும். அதே ஆண்டு சென்ட்டில் டை தேய்ந்ததால் கடைசி 5 மட்டும் இரட்டித்ததுபோல் தோன்றுவதை 'ஏழையின் டபுள்டு டை' என்று விற்பவர்களும் உண்டு. பெயரைத் தவிர அதில் வாங்குவதற்கு ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

என் தவறொன்றையும் பதிவு செய்ய வேண்டும். 1969ஆம் ஆண்டின், எஸ் என்ற ஆலைக்குறி (நாணயம் அடித்த ஆலையைக் காட்டும் எழுத்து) கொண்ட அமெரிக்க சென்ட் ஒன்றை டபுள்டு டை என்று நான் மேசையில் வைத்தபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் லூப் என்ற சிறு உருப்பெருக்கியை வாங்கி, ஆண்டெண்ணைப் பாராமல் நேரே அந்த எஸ் எழுத்தைப் பார்த்தார். அக்காலத்தில் ஆலைக்குறியை ஹப்பில் சேர்க்காமல், டை தயாரான பின் தனியாகக் கையால் பொறித்தார்கள்; எனவே ஹப்பின் விலகல் அதை இரட்டிக்கச் செய்யாது. என் நாணயத்தில் ஆண்டெண் சரிந்த அதே திசையில் எஸ் எழுத்தும் சரிந்திருந்தது; ஆகவே அது மெஷின் டபுளிங்தான். மறுபேச்சின்றி எடுத்து வைத்துக்கொண்டேன்.

வரும் ஆண்டில் பரிசோதனைக்கு நாணயம் தருவோர், ஒளியை இருபுறமிருந்தும் மாற்றி விழச்செய்து எடுத்த இரு படங்களையும் இணைத்துத் தருமாறு வேண்டி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்