முன்கதவு மார்ட்டைஸ் பூட்டு ஒடிந்தது குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் பூட்டு வாங்கிய வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
பூட்டுத் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: மார்ட்டைஸ் பூட்டின் சிலிண்டர் நடுவில் ஒடிந்து வீட்டில் திருட்டு நடந்தது, பித்தளை என்று சொல்லி வேறு உலோகம் கொடுத்தது, வாரண்டி மறுக்கப்பட்டது – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த தை மாதம் திருச்சியில் உள்ள உங்கள் ஷோரூமில், எங்கள் புது வீட்டு முன்கதவுக்கு ஹேண்டிலோடு சேர்ந்த மார்ட்டைஸ் பூட்டு (கதவின் கனத்துக்குள்ளேயே பதிக்கிற பூட்டு) செட் ஒன்று வாங்கினேன். விலை 6,850 ரூபாய். உங்கள் ஆளே வீட்டுக்கு வந்து பொருத்தினார், அதற்குத் தனியாக 500 ரூபாய். பில், வாரண்டி அட்டை, பெட்டி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நகல்களை இணைத்திருக்கிறேன்.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போய் இரண்டு ராத்திரி தங்கினோம். இரண்டாம் நாள் விடியற்காலையில் பால் வாங்க வெளியே வந்த பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். "கதவு சாத்தின மாதிரிதான் இருக்கு, ஆனா சாவி போடுற இடத்துல ஓட்டையா தெரியுது" என்றார். நாங்கள் வந்து சேர்வதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

தேக்குக் கதவில் கடப்பாரை வைத்த தடம் இல்லை. ஹேண்டில் தகடுகூட வளையவில்லை. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சாவி போடுகிற சிலிண்டரின் வெளிப்பாதி மட்டும் தனியாக விழுந்து கிடந்தது. "குறடு போட்டுப் பிடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டியிருக்கான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காதும்மா" என்று ஏட்டையா சொன்னார். சிலிண்டர் ஒடிந்த பிறகு உள்ளே தெரியும் நாக்கை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினாலே தாழ் உள்ளே போய்விடுகிறது. என் மகளின் வளையல் இரண்டும் மாமியாரின் செயினும் போய்விட்டன, மொத்தம் ஐந்தரை பவுன். முதல் தகவல் அறிக்கையின் நகலும் இத்துடன் இருக்கிறது.

ஸ்டேஷனில் அடையாளம் பார்ப்பதற்காகச் சாவி கேட்டார்கள். ஒடிந்து விழுந்த அந்தப் பாதியில் சாவியை விட்டுத் திருப்பினேன். புதிதாக வாங்கிய அன்று எப்படித் திரும்பியதோ, அப்படியே வழவழவென்று திரும்பியது. சாவித் துவாரத்தில் ஒரு கீறல் இல்லை. நீங்கள் பெட்டி முழுக்க எழுதியிருப்பது அந்தச் சாவியைப் பற்றித்தான். கம்ப்யூட்டரில் வெட்டிய சாவி, கோடிக்கணக்கான சாவி வகைகள், கள்ளச்சாவி போட முடியாது என்று மூன்று பக்கமும் அச்சடித்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவன் அந்தச் சாவித் துவாரத்தைத் தொடவே இல்லை. அவன் கைவைத்த இடத்தைப் பற்றி அந்தப் பெட்டியில் ஒரு வரி கிடையாது. என் புகாரின் சாரம் இதுதான்.

இனி அந்த உலோகத்தைப் பற்றி. வெளிப்பாதியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. கதவுக்குள் நின்றுவிட்ட உள்பாதியை ஆசாரி கழற்றி என்னிடம் கொடுத்தார். என் அப்பா திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி. நாகல்நகரில் ஒரு பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் அரம் பிடித்தவர். பட்டறை வாசலில் இரும்புத் தூளில் விளையாடி வளர்ந்தவள் நான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பேப்பரில் பார்த்துவிட்டு, மூடிப்போன தன் பட்டறையை நினைத்து அன்று முழுக்கப் பேசாமல் இருந்த மனிதர். அவரிடம் இந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதலில் ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரவையைக் கொட்டி அமுக்கினது போலப் பொறிப்பொறியாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் காந்தத்தை வைத்துப் பார்த்து ஒட்டவில்லை, அதனால் பித்தளைதான் என்றேன். "துத்தநாகத்துலயும் காந்தம் ஒட்டாது, அரத்தை எடு" என்றார். திண்ணையில் நியூஸ் பேப்பரை விரித்து, துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து ராவினார். நாலாவது இழுப்பில் மஞ்சள் நிறம் போய்விட்டது. பித்தளையை ராவினால் தூளும் மஞ்சளாகத்தான் விழும். பேப்பரில் விழுந்தது பென்சில் சீவின கரி மாதிரி சாம்பல் தூள். "முலாம்மா இது. அச்சுல ஊத்தின துத்தநாகம்" என்றார். அந்தத் தூளையும் பேப்பரோடு மடித்து வைத்திருக்கிறேன், போட்டோ எடுத்திருக்கிறேன். உங்கள் பெட்டியின் பின்பக்கம் "முழுப் பித்தளை சிலிண்டர்" என்று இருக்கிறது.

அப்பா கையால் பார்த்ததை ஏற்க உங்களுக்குத் தயக்கம் இருந்தால், உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே பாருங்கள். பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்கு எட்டரை கிராம் அளவில் இருக்கும், துத்தநாகக் கலவை ஆறரை கிராமை ஒட்டி நிற்கும். எடை போட்டாலே தெரிந்துவிடும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்ல பித்தளையாக இருந்தாலும் இந்த வகை சிலிண்டருக்கு நடு இடம் பலவீனமானதுதான். நாக்கு சுற்றுவதற்காக நடுவில் ஒரு வெட்டு இருக்கிறது. அதற்கு நேர் கீழே, கதவின் விளிம்பிலிருந்து வருகிற ஒற்றைத் திருகாணிக்கு ஒரு ஓட்டை. இரண்டுக்கும் நடுவே மிஞ்சுகிற உலோகம் சில மில்லிமீட்டர்தான், மொத்த சிலிண்டரையும் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். இது பூட்டு செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் வெளிப்பாதியில் வேண்டுமென்றே ஒரு காடி வெட்டி, திருடன் ஆட்டினால் அந்த நுனித் துண்டு மட்டும் ஒடிந்து நாக்கு பத்திரமாக உள்ளேயே நிற்கும்படி செய்த சிலிண்டர்கள் கடையில் கிடைக்கின்றன. நடுவில் எஃகுப் பட்டை வைத்தவையும் உண்டு. திருட்டு நடந்த பிறகு நானே விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. உங்கள் விற்பனையாளர் அன்றைக்குச் சொல்லியிருந்தால், கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுத்து அதையே வாங்கியிருப்பேன்.

அப்புறம் நீளம். எங்கள் கதவு 38 மில்லிமீட்டர் கனம். இரண்டு பக்கமும் ஹேண்டில் தகடு எட்டெட்டு மில்லிமீட்டர். ஆக மொத்தம் 54. இதற்கு 60 மில்லிமீட்டர் சிலிண்டர் போட்டால் ஒரு பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வெளியே தெரியும், குறடு பிடிக்க வாட்டம் இருக்காது. உங்கள் ஆள் 70 போட்டார். எட்டு மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் அப்போதே கேட்டார். "எல்லா வீட்டுக்கும் இதான் சார் போடறோம், இந்த சைஸ்தான் ஸ்டாக் வருது" என்று பதில் வந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. அளந்து பார்த்துப் போடு என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. பையில் டேப்பும் இல்லை, எங்கள் வீட்டு டேப்பைத்தான் வாங்கி ஓட்டை குறித்தார்.

கதவு நிலையில் தாழ் போய் உட்காரும் தகட்டையும் பார்த்தேன். முக்கால் அங்குலத் திருகாணி இரண்டே இரண்டு. தாழ் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதைத் தாங்குவது அந்தத் தகடுதான், தகட்டைத் தாங்குவது திருகாணிதான். ஓங்கி ஓர் உதை விட்டால் நிலையைச் சிலும்பாக்கிக்கொண்டு வந்துவிடும். ஆசாரி இப்போது மூன்று அங்குலத் திருகாணி நான்கு போட்டு நிலைக்கட்டையின் உள்வரைக்கும் இறக்கிவிட்டார். செலவு நாற்பது ரூபாய். 6,850 ரூபாய் செட்டில் அதை வைத்துக் கொடுக்க உங்களால் முடியாதா?

ஜன்னலுக்கும் உங்களிடம்தான் வாங்கினோம். பின்பக்கத்து யூபிவிசி தள்ளு ஜன்னலுக்கு உங்கள் லாக் போட்டால் கிரில் தேவையில்லை என்றார்கள், நம்பினோம். திருட்டுக்குப் பிறகு சந்தேகப்பட்டு, லாக் போட்ட நிலையிலேயே வெளியிலிருந்து தூக்கிப் பார்த்தோம். கதவு மேலே எழும்பித் தண்டவாளத்தை விட்டுக் கையோடு வந்துவிட்டது. மேல் சட்டத்தில் ஒரு சின்னக் கட்டை வைத்தாலே தூக்க முடியாது. அதையும் ஆசாரிதான் வைத்தார். கிரிலுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டோம்.

உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் நான்கு முறை பேசினேன். நாலு முறையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் மெயிலில் இரண்டு வரி வந்தது: வலுக்கட்டாயமாக உடைக்கப்பட்ட பூட்டுக்கு வாரண்டி பொருந்தாது, தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டுமே பத்து வருட வாரண்டி. பூட்டு வாங்குவதே வலுக்கட்டாயமாக உடைக்க வருகிறவனுக்காகத்தான். அதையும் விடுங்கள், பித்தளை என்று எழுதிவிட்டுத் துத்தநாகம் கொடுத்தது தயாரிப்புக் குறைபாடு இல்லாமல் வேறு என்ன?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. எழுதிக் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துப்போகாவிட்டாலும், சரியாகப் பயன்படுத்துவதற்குப் போதிய விவரம் கொடுக்காவிட்டாலும் தயாரித்தவர் பொறுப்பு என்று 84-ஆம் பிரிவு சொல்கிறது. என் விஷயத்தில் இரண்டுமே நடந்திருக்கிறது.

தரத்தைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் மார்ட்டைஸ் பூட்டுக்கு ஐஎஸ் 2209, தொங்கு பூட்டுக்கு ஐஎஸ் 275 என்று தர எண்கள் இருக்கின்றன. உங்கள் பெட்டியில் "சர்வதேசத் தரம்" என்று மட்டும் போட்டிருக்கிறது, எந்தத் தரம் என்று எண் இல்லை. ஐரோப்பாவில் சிலிண்டருக்கு ஈஎன் 1303 என்று ஒரு தரம் உண்டு. அதில் சாவியின் பாதுகாப்புக்கு ஒரு மதிப்பெண், உடைக்க வருவதைத் தாங்கும் சக்திக்குத் தனியாக ஒரு மதிப்பெண் என்று இரண்டையும் பிரித்தே காட்டுகிறார்கள். அப்படி இரண்டாவது எண் ஒன்று உங்கள் பெட்டியில் இருந்திருந்தால், அதைப் பார்த்து நான் முடிவெடுத்திருப்பேன்.

நான் கேட்பது இவை. பூட்டுக்கும் பொருத்துவதற்கும் கொடுத்த 7,350 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். சிலிண்டர் எந்த உலோகம் என்று உங்கள் கையொப்பத்தோடு எழுத்தில் பதில் வேண்டும். போன நகைக்கான நஷ்ட ஈட்டைப் பற்றி உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன். அதைவிட எனக்கு முக்கியமான விஷயம் வேறு. இதே மாடலை வாங்கின மற்றவர்களுக்கு நீங்கள் தகவல் சொல்ல வேண்டும். பொருத்தும்போது போன் நம்பர் வாங்கி எழுதிக்கொண்டீர்கள், எல்லோருடைய நம்பரும் உங்களிடம் இருக்கிறது. போன் செய்து, வெளியே எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று அளக்கச் சொல்லி, தேவைப்பட்ட வீட்டுக்குச் சரியான நீளத்தில், ஒடியாத வகை சிலிண்டரை இலவசமாக மாற்றிக் கொடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் சொல்லித்தான் தஞ்சாவூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டிலும் இதே பூட்டு போட்டார்கள். அவர் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். நாத்தனாரும் பள்ளிக்கூடம் போகும் பையனும் மட்டும்தான் வீட்டில். திருட்டு நடந்த மறுநாளே போன் செய்து அளக்கச் சொன்னேன். ஒன்பது மில்லிமீட்டர் வெளியே நிற்கிறதாம். அன்றைக்கு ராத்திரி கதவுக்குப் பின்னால் டைனிங் டேபிளை இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். இப்போது உள்பக்கம் பழைய மாதிரி பெரிய தாழ்ப்பாள் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது வீட்டில் ஆள் இருக்கும்போது உதவும், வெளியே போகும்போது உங்கள் பூட்டை நம்பித்தான் போக வேண்டும். அவர் வீட்டு முகவரியை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். எனக்குப் பணம் வருவதற்கு முன்னால் அந்தக் கதவுக்கு ஆள் அனுப்புங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உள்பாதித் துண்டு என்னிடம்தான் இருக்கும். பரிசோதனைக்கு வேண்டுமென்றால் உங்கள் ஆள் நேரில் வந்து, என் முன்னால் எடை போட்டு, எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிப் போகலாம். தபாலில் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பூட்டு வாங்கிய வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.

இணைப்பு: பில், வாரண்டி அட்டை, பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், முதல் தகவல் அறிக்கை நகல், ஒடிந்த சிலிண்டர் மற்றும் ராவின தூளின் படங்கள், உங்கள் மெயிலின் அச்சு நகல்.