ஆர்ஜினின் மாவும் ஆறாத புண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தில் நைத்திரிக் ஒட்சைட்டை 'ஒட்டுண்ணிகளைக் கொல்லும் வாயு' என்று எழுதி, அது உடம்பில் கூடுவதற்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் மாவைக் கரைத்துக் குடிக்கலாம் என்றும் சொல்லியிருந்தீர்கள். முதற்பாதி பெரும்பாலும் சரி. பின்பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வவுனியாவில் இருக்கும் என் பெறாமகனுக்கு முழங்கைக்குக் கீழே ஒரு பரு வந்தது. நோவில்லை, கடியில்லை. மெல்லமெல்ல ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குப் பெருத்து, நடுவில் பொருக்கு விட்டது. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கும் பெரியப்பா, ஆறிடும்" என்றான். யாரோ சொன்னார்கள் என்று ஒரு பேணி ஆர்ஜினின் மாவும் வாங்கிக் குடித்தான். இரண்டு மாதம் போன பிறகு, தோல் கிளினிக்கில் புண்ணின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் லீஷ்மேனியா என்று தெரிந்தது.

மணல் ஈ கடிக்கும்போது உள்ளே வரும் இந்த ஒட்டுண்ணியை, கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலம் ஒன்று விழுங்கிவிடும். ஆனால் அது சாகாது, அங்கேயே குடியிருந்து பெருகும். நோயெதிர்ப்பை நடத்தும் ரி-கலங்கள் இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞையை அனுப்பினால்தான் விழுங்கிய கலம் விழித்துக்கொண்டு, ஆர்ஜினினில் இருந்து நைத்திரிக் ஒட்சைட்டு செய்யும் நொதியத்தை உண்டாக்கும். அந்த நொதியம் இல்லாத சுண்டெலிகளால் லீஷ்மேனியாவை அடக்க முடிவதில்லை. மனிதரின் கலங்களோ சுண்டெலியின் கலங்களைவிடக் குறைவாகவே அந்த வாயுவைச் செய்கின்றன. அதனால் எலிக்கதையை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது.

வில்லங்கம் வேறிடத்தில் இருக்கிறது. அதே ஆர்ஜினினை ஆர்ஜினேஸ் என்ற இன்னொரு நொதியமும் உடைக்கும். அந்த வழியில் கிடைப்பவை ஒட்டுண்ணி வளர உதவும் பொருட்கள். குடித்த மா எந்தப் பக்கம் போகும் என்பதைப் பேணியில் எழுதியிருக்கிறதா? வாயு அளவு மீறினாலும் ஆபத்துத்தான்: ரி-கலங்கள் பெருகுவதைத் தடுக்கும், நம் இழையங்களையும் சேர்த்துத் தாக்கும். கடும் மலேரியாவில் இரத்தத்தில் ஆர்ஜினின் குறைகிறது என்பது உண்மை. அதற்காக வீட்டில் மா கரைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்தியாவின் பீகாரில் மண்ணீரலையும் கல்லீரலையும் தாக்கிக் காலா அசார் என்ற காய்ச்சல் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா டொனோவானி இனம்தான் இலங்கையிலும் இருக்கிறது. இங்கே அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. 1992இல் உள்ளூரில் தொற்றிய முதல் நோயாளி பதிவானார், 2008இல் இது மருத்துவர்கள் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோயானது. மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் சான்றிதழ் வாங்கிய பெருமையைப் பேசும் நாம், இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பெறாமகனுக்கு அந்திமனி மருந்தைப் புண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போட்டார்கள், கிழமைக்கு ஒன்றாக. புண் ஆறிவிட்டது, வடு இருக்கிறது. அடுத்த முறை மருத்துவப் பக்கத்தில் அந்தப் புண்ணின் படம் ஒன்றைப் போடுங்கள். மாப்பேணியில் இப்போது தம்பி வீட்டார் சீனி போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கோண்டாவில்.