கொடியேற்றத்தோடு கலைந்துவிடும் சங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் வட்டாரங்களில் படையில் பணியாற்றித் திரும்பியவர்கள் ஏராளம். ஆயினும் நான் சார்ந்துள்ள முன்னாள் படைவீரர் சங்கம் குடியரசு நாளிலும், டிசம்பர் 7 கொடி நாளிலும் மட்டுமே கூடி, தேநீரோடு கலைந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு எங்கள் உறுப்பினரான ஹவில்தார் ஒருவர் காலமான செய்தி எங்களுக்கு எட்டவே மூன்று மாதமாயிற்று. ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் ஓரெழுத்து மாறியிருந்ததால், குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த அம்மையார் அலுவலகப் படிகளைத் தனியாகவே ஏறி இறங்கியிருக்கிறார். கணவர் இருந்தபோதே படைவிலகல் புத்தகத்தையும் ஆதாரையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் முன்வந்திருந்தால், இந்த அலைச்சல் பெருமளவு குறைந்திருக்கும்.

ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ இணையவழி முறைக்கு மாறியபின், ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளிப்பதே 1971 போரைக் கண்ட மூத்தவர்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த ரேகையைக் கருவி எளிதில் ஏற்பதில்லை. நாற்பது வயதையொட்டி ஓய்வுபெற்று வரும் இளையவர்களுக்குக் கைப்பேசியிலேயே இவ்வேலை கைவரும். ஆனால், வங்கிக் காவல் பணிக்குச் செல்லும் அவர்களை வேலைநாள் காலையில் கூட்டத்துக்கு அழைத்தால் எப்படி வருவார்கள்? (தலைவர் பதவிக்கு வரும் போட்டி, உறுப்பினர் பட்டியலைப் புதுப்பிக்க மட்டும் வருவதில்லை.)

ஆகவே, மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடுவதையும், ஊருக்கு ஒருவரைத் தொடர்பாளராக்குவதையும், மறைந்த வீரர்களின் மனைவியரை வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாக்குவதையும் சங்கங்கள் உடனே பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.