கொட்டாஞ்சேனைப் பழைய தொடர்மாடியைத் திருத்தித் தரவும், வாடகையை ஏற்றாதிருக்கவும் கோரும் மனு

வீடமைப்புப் பொறுப்பதிகாரி அவர்கட்கு,
கொழும்பு.

விடயம்: கழிவுக்குழாயை மாற்றுதல், கட்டடத்தைப் புதுப்பித்தல், வாடகையை இப்போதுள்ளபடியே வைத்தல் (நான்காவது மனு)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதற்கு முன் மூன்று மனுக்கள் கொடுத்தோம். முத்திரை குத்திய பிரதிகள் மூன்றும் எங்களிடம் இருக்கின்றன, பதில்தான் வரவில்லை. தாங்கள் இந்தப் பகுதிக்குப் புதியவர் அல்லர். ஐந்துலாம்புச் சந்திப் பக்கமிருந்து வரும்போது எங்கள் கட்டடத்தின் எந்தச் சுவர் கறுத்துக் கிடக்கிறது என்று தங்களுக்கே தெரியும். அதனால் நேரே விடயத்துக்கு வருகிறோம்.

1. பின்பக்கக் கழிவுக்குழாய். கட்டிய காலத்து வார்ப்பிரும்புக் குழாய் அது. நான்கு மாடிக் கழிவறைகளும் அதில்தான் இறங்குகின்றன. போவதோ குசினிச் சுவரை ஒட்டி. இரண்டாம் மாடியில் மூட்டு வெடித்துப் பதினான்கு மாதமாகிறது. மேல் வீட்டில் யார் தண்ணீர் ஊற்றினாலும் என் குசினிச் சுவரில் கசிகிறது. அடுப்புக்கு மேலே பொலித்தீன் ஒன்றை நான்கு ஆணியில் இழுத்துக் கட்டி, ஒரு மூலையைச் சரித்து, பேசினில் சொட்டும்படி வைத்திருக்கிறேன். விடிந்ததும் முதல் வேலை அந்தப் பேசினைக் கொண்டுபோய் ஊற்றுவது. கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி, அப்புறம்தான் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன். மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் போய் இருந்து சாப்பிடுகிறார். மகள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்க்கிறாளாம். இதையெல்லாம் ஓர் அதிகாரிக்கு எழுத வெட்கமாக இருக்கிறது ஐயா. ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

2. ஒரு தடவை ஆட்கள் வந்து மூட்டில் சீமெந்து பூசினார்கள். மூன்று நாள் தாங்கியது. உள்ளே துரு தின்ற இரும்புக்கு வெளியே பூசினால் நிற்குமா? மேலிருந்து கீழ்வரை பிவிசி குழாயாக மாற்ற வேண்டும். இது எந்தக் குழாய் வேலைக்காரருக்கும் தெரியும்.

3. கூரைத் தண்ணீர்த் தாங்கியில் வெடிப்பு, படிக்கட்டுக் கைப்பிடி இல்லை.

4. வாடகை. "புதுப்பித்தால் சந்தை விலைக்குத்தான் வாடகை" என்று கருமபீடத்தில் வாயால் சொன்னார்கள். எழுத்தில் கேட்டால் தரவில்லை. இங்கே இருப்பவர்கள் யார் ஐயா? புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர்கள், செட்டியார் தெருப் பட்டறையில் கூலிக்கு நகை செய்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள். 2022இல் ஏறிய சாமான் விலை இன்னும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டம் வந்ததை ஒட்டிய காலத்தில், எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கென்றே எழுப்பிய கட்டடம் இது. தொடர்மாடிகளின் பொதுவான பகுதிகளைப் பராமரிக்கவென்று 1973ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு சபையே உண்டானது. அப்படியிருக்க, இத்தனை வருடம் திருத்தாமல் விட்டதற்கு நாங்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? வாடகை ஒரு நாளும் பிந்தியதில்லை. பற்றுச்சீட்டுகளைக் கட்டாகக் கட்டி வைத்திருக்கிறோம். மாதா மாதம் காசு வாங்குகிற கைக்கு ஒரு குழாய் மாற்ற முடியாதா?

உயர்மாடிக்குப் போகலாமே என்கிறீர்கள். அப்படிப் போன எங்கள் உறவினர்களை மாதம் 3,960 ரூபாய் வீதம் 20 வருடம் கட்டச் சொன்னார்கள். லிப்ட் நின்றால் கிழவர்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள். எங்களுக்கு இந்த நான்கு மாடி போதும். சிவப்புச் சீமெந்துத் தரை இன்னும் கண்ணாடிபோல் இருக்கிறது. துவாரச் செங்கல் சுவரால் கடற்காற்று வருகிறது, சித்திரை வெயிலிலும் மின்விசிறி தேவைப்படாத விறாந்தை இருக்கிறது. இப்படி இனி யார் கட்டப்போகிறார்கள்? இடிக்க வேண்டாம், திருத்துங்கள். வேலை நடக்கும்போது வேறிடத்தில் இருக்கச் சொன்னால் இருக்கிறோம். ஆனால் அதே வீட்டுக்கு, அதே வாடகைக்குத் திரும்பி வரலாம் என்று முதலில் கையெழுத்திட்டுத் தாருங்கள்.

மற்றதெல்லாம் பிந்தினாலும் பரவாயில்லை, குழாயை மட்டும் ஐப்பசி மழைக்கு முன் மாற்றித் தாருங்கள் ஐயா. தயவுசெய்து அந்தக் குழாயை மாற்றித் தாருங்கள். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு முன் வாருங்கள், பேசினை ஊற்றாமல் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
இரண்டாம் மாடிக் குடியிருப்பாளர்,
எல்லா வீட்டாரின் சார்பிலும்
(கையொப்பங்கள் பின்பக்கத்தில்)