ஓசூரில் வேலை, எம்.இ. எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என ஐந்து முனைகளை இணைக்கும், ராணுவத் தளவாட உற்பத்திக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடம் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மாநில அரசின் 2022ஆம் ஆண்டு விண்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை பத்தாண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீடு, ஒரு லட்சம் வேலை என்கிறது. ஏற்கெனவே இந்த வேலையில் இருப்பவர்கள் மேற்கொண்டு படிக்க என்ன வழி என்று மட்டும் யாரும் பேசக் காணோம்.

நான் ஓசூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஸ்ட்ரெஸ் இன்ஜினியர். டிப்ளமோ முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. ஏரோநாட்டிக்கல் படித்தவள். விமான உடலின் தகட்டில், ரிவெட் துளை ஓரத்தில் விழும் விரிசல் எவ்வளவு வேகமாக வளரும், அடுத்த பரிசோதனைக்கு முன் ஆபத்தான நீளத்தை எட்டிவிடுமா என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. மென்பொருள் வண்ண வண்ணமாகப் படம் காட்டும். அதில் தெரியும் சிவப்பு நிஜமான தகைவா (ஸ்ட்ரெஸ்), கணக்குக்காகத் தகட்டைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ் சரியில்லாததால் வந்ததா என்று சொல்ல, விரிசல் வளர்வதைப் பற்றிய முறிவு இயக்கவியல் தெரிந்திருக்க வேண்டும். பி.இ.யில் எங்களுக்கு அது விருப்பப் பாடம். நடத்த ஆளில்லாததால் வேறொன்றைப் படித்தோம். பத்தாண்டுக்கு மேலாக வேலையிலேயே கற்றுக்கொண்டது நிறைய. ஆனாலும் பிறர் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு வரும்போது எம்.இ., எம்.டெக். என முதுநிலைப் பட்டம் முடித்தவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

உதவித்தொகையோடு முழுநேரம் எம்.டெக். படிக்க கேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஏரோஸ்பேஸ் தாளில் கட்டமைப்போடு காற்றியக்கவியல், உந்துவிசை, விண்கலச் சுற்றுப்பாதை எல்லாம் வரும். கல்லூரியோடு மறந்துபோன கெப்ளர் விதிகளை இரவு பதினோரு மணிக்குப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து படிக்கலாம், அதுகூடப் பெரிதில்லை. இடம் கிடைத்தால் வேலையை விட வேண்டும். உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். வீட்டுக்கடன் தவணை கட்டுகிற யாரால் முடியும்?

வேலையை விடாமல் படிக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. இஸ்ரோவில் இருப்பவருக்குத் திருவனந்தபுரத்தில் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி. இருக்கிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வினருக்கும் முப்படையினருக்கும் புனேயில் டி.ஐ.ஏ.டி. என்ற உயர்கல்வி நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யிலும் வெளிப்பதிவு முறையில் ஆய்வு செய்யலாம்; அதற்கு நிறுவனத்தில் ஆய்வு வசதி வேண்டும், உள்ளேயே தகுதியான வழிகாட்டி ஒருவர் வேண்டும், தடையில்லாச் சான்றும் வேண்டும். அரசு ஆய்வகங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. உதிரிபாகம் செய்தும் வடிவமைப்புக் கணக்குப் போட்டும் பிழைக்கிற ஓசூர் நிறுவனங்களில் வழிகாட்டிக்கு எங்கே போவது? இணையவழி எம்.டெக். தேடினால் பெரும்பாலும் டேட்டா சயின்ஸும் ஏ.ஐ.யும்தான் வந்து நிற்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதிநேர எம்.இ. மாலை வகுப்பு, சென்னையில் வேலை பார்ப்பவருக்கே ஆகும்.

முன்பு இன்னொரு கதவு இருந்தது. எங்கள் சீனியர் ஒருவர் டிப்ளமோவோடு விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் வேலை பார்த்தபடியே இந்திய விமானவியல் கழகத்தின் அசோசியேட் மெம்பர் தேர்வை எழுதி முடித்தார். அது பி.இ.க்கு இணை என்பதால் பிறகு கேட் எழுதி எம்.டெக்.கும் படித்தார். 2013 மே 31க்குப் பின் பதிந்தவர்களுக்கு அந்த இணைத்தகுதி இல்லை. அஞ்சல்வழிப் படிப்பையும் நான் கேட்கவில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அங்கீகாரச் சிக்கலில் மாட்டிக்கொண்டது தெரியும். ஆய்வகம் இல்லாமல் விமானவியல் கற்க முடியாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை.

நான் கேட்பது இதுதான். 1949இல் தொடங்கிய சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். அங்கே பணியில் இருப்பவர்களுக்கென்று ஒரு எம்.இ. ஏரோநாட்டிக்கல் தொடங்கலாம். பாடம் வார இறுதியில் இணையவழி. ஆய்வகம் பருவத்துக்கு ஒரு முழு வாரம், விடுப்பு போட்டுவிட்டு வந்து செய்கிறோம். பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் பணியில் இருக்கும் பொறியாளர்களுக்கு இப்படி வாரக்கணக்கில் பிரித்துத்தான் பகுதிநேர எம்.எஸ்சி. நடத்துகிறது. ஆய்வேட்டுக்கு அவரவர் நிறுவனத்தின் பிரச்சினையையே எடுக்கலாம். வாடிக்கையாளரின் வரைபடம் வெளியே போகக் கூடாது என்று நிர்வாகம் முரண்டு பிடிக்கும், அதற்கு ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டால் தீர்ந்தது.

கட்டணத்தில் பாதியை நிறுவனமே கட்டும்படி வழித்தடச் சலுகைகளோடு ஒரு நிபந்தனை சேர்த்தால் இன்னும் நல்லது. பதிலுக்கு, இரண்டு ஆண்டு வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பாண்ட் கேட்பார்கள், கேட்கட்டும். சேர்க்கைக்கு கேட் அல்லது மாநில நுழைவுத் தேர்வான சீட்டா மதிப்பெண்ணோடு பணி அனுபவத்தையும் கணக்கில் எடுங்கள். பருவத் தேர்வை மட்டும் எங்களுக்காக எளிதாக்க வேண்டாம். முழுநேர மாணவர் எழுதும் அதே வினாத்தாளையே எங்களுக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்ட்ரெஸ் இன்ஜினியரான ஒரு வாசகி,
ஓசூர்