இரண்டு பெண்கள் பேசினால் போதுமா?

ஆசிரியருக்கு,

திரைப்படத்தில் பெண்களின் இடத்தை அளக்க ‘பெக்டெல் சோதனை’யைத்தான் பலரும் கையில் எடுக்கிறார்கள். 1985இல் அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் அலிசன் பெக்டெல் வேடிக்கையாக வரைந்தது அது. படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் தமக்குள் பேச வேண்டும், பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. மழை வருமா என்று இரு தோழிகள் கேட்டுக்கொண்டாலே படம் தேறிவிடும். தனித்தீவில் ஒற்றையாளாகப் போராடும் பெண்ணின் கதையோ தோற்றுப்போகும்!

பெண்களைக் காட்டும் விதத்தில் உள்ள கோளாறு திரைக்கதைத் தாளிலேயே தொடங்குகிறது. ஆண் ‘45 வயது வழக்கறிஞர்’ என்று அறிமுகமாகிறார். பெண் வெறும் ‘அழகி’. அந்தச் சொல்தான் பிறகு, கேமரா அவள் காலிலிருந்து மேலேறிக் கடைசியில் முகத்துக்கு வரும் ஷாட்டாகிறது. 1975இல் பிரிட்டிஷ் திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி ‘ஆண் பார்வை’ என்றது இதைத்தான்.

படப்பிடிப்புக்கு முன் நாயகியின் வசனங்களை மட்டும் தனியே எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘என்ன ஆச்சு?’, ‘இப்ப என்ன செய்யறது?’ மட்டுமே மிஞ்சினால், நாயகன் விளக்கம் சொல்வதற்காகவே அவள் நிற்கிறாள். மருத்துவர், காவலர், ஓட்டுநர் போன்ற சிறு வேடங்களில் பாதியைப் பெண்களுக்குக் கொடுக்கலாம். பெரும்பாலும் வசனத்தைத் தொடவே வேண்டியிருக்காது. கூட்டக் காட்சியிலும் ‘பாதிப் பேர் பெண்கள்’ என்று தாளில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் ஆண்களே வந்து நிற்பார்கள்.

– ஒரு வாசகர்