அறைச் சாவி எத்தனை மணிக்கு? கப்பல் நிறுவனத்துக்கு ஒரு லாட்ஜ்காரனின் திறந்த மடல்

கப்பல் நிறுவனத்தின் பயணிகள் சேவைப் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். மதுரை ரயில் நிலையத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே வந்துவிடக்கூடிய தூரத்தில், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில், 22 அறைகள் உள்ள லாட்ஜ் ஒன்றை அப்பா காலத்திலிருந்து நடத்தி வருகிறோம். உங்கள் கப்பலோடு ஒப்பிட்டால் என்னுடையது தீப்பெட்டி. ஆனாலும் தொழில் ஒன்றுதான். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து களைத்து வருகிறவருக்கு ஓர் அறையைத் திறந்துவிடுகிற தொழில். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. காசு வாங்கி முந்தி ஏற்றிவிட்டு அறைக்குக் காக்க வைக்கிற வழக்கம் வேறு சில கப்பல்களிலும் இருப்பதாக என் லாட்ஜில் தங்க வருகிற வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

போன ஆடியில் அம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து உங்கள் கப்பலில் மூன்று இரவுப் பயணம் வந்தேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, லாட்ஜில் கூட்டம் குறைவு. எங்களைப் போன்றவர்கள் ஊரை விட்டுக் கிளம்ப அதுதான் தோது. அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம், சர்க்கரையும் உண்டு. அதனால்தான் டிராவல்ஸ்காரர் காட்டிய பட்டியலில் 'முன்னுரிமை' என்ற வரியைப் பார்த்ததும் மேல் காசு கொடுத்து அதையும் சேர்த்துக்கொண்டேன். ஏறியதும் அறை, அறைக்குள் போனதும் அம்மா படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதாக இன்றும் எனக்குப் படவில்லை.

மதுரையிலிருந்து சாயங்காலம் வேனில் திருச்சி. அங்கிருந்து நள்ளிரவையொட்டி விமானம். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. இறங்கியபோது அங்கே காலை ஆறரை, அம்மாவின் உடம்புக்கு அப்போது காலை நான்கு மணி. சாங்கி விமான நிலையத்திலேயே காசு கொடுத்துக் குளிக்க இடம் உண்டு, எனக்கும் தெரியும். மனைவி கேட்கவும் செய்தாள். "எதுக்கு, இன்னும் கொஞ்ச நேரத்துல நம்ம ரூமே கிடைச்சுரும்" என்று சொன்னது நான்தான். உங்கள் சொல்லை நம்பிச் சொன்னேன்.

கப்பல் முனையத்தில் உங்கள் ஆட்கள் நன்றாகவே நடந்துகொண்டார்கள். முன்னுரிமைக்குத் தனி வரிசை, இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டதும் வந்தது. பதினொன்றரைக்கெல்லாம் கப்பலுக்குள் இருந்தோம். பேருக்குக்கூடக் கூட்டமில்லை. அதுவரை எனக்குப் பெருமைதான்.

எங்கள் தளத்துக்குப் போனால், அறைகளுக்குப் போகிற நடையின் கதவு சாத்தியிருந்தது. இரண்டரை மணிக்கு மேல்தான் அறைகள் திறக்கும் என்று ஒரு பலகை. அங்கே நின்ற பெண், மேலே சாப்பாடு தயாராக இருக்கிறது, போய்ச் சாப்பிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். முன்னுரிமை அட்டையைக் காட்டினேன். "அது ஏறுவதற்கு மட்டும் சார்."

இனி சொல்லப் போவது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். என் அம்மா குளிக்காமல் சாப்பிட மாட்டார். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, அப்புறம்தான் வாயில் எதையும் வைப்பார். காபி மட்டும் விதிவிலக்கு. அது வைகைக் கரைக்காரர்களுக்கு மருந்துக் கணக்கு. சர்க்கரைக்காரர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மேலே போனால் ஐம்பது வகை சாப்பாடு. இட்லிகூட இருந்தது, நன்றாகவும் இருந்தது. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நீச்சல் குளத்தோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "குளிக்காம எப்படிடா வாயில வைக்கிறது? நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கல." அவருக்குப் பசிக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாதா? பன்னிரண்டரைக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும், "சாமி ஒண்ணும் சொல்லாது" என்று மனைவி அதட்டி ஒரு வாழைப்பழத்தைச் சாப்பிட வைத்தாள். அந்த வாழைப்பழத்தை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

ஆக மூன்று மணி நேரம். எங்களைச் சுற்றி எல்லோர் மடியிலும் பை. பெரிய பெட்டிகளை நீங்கள் வாங்கி அறைக்கு அனுப்பிவிடுகிறீர்கள், சரி. மருந்து, மாற்றுத்துணி, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில்தானே இருக்கும்? அதோடு கழிப்பறைக்கும் போக வேண்டும், சாப்பாட்டுத் தட்டையும் தூக்க வேண்டும். இரண்டே முக்காலுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. எல்லா அறைகளும் ஒரே நேரத்தில். அவ்வளவு பேரும் ஒரே சமயத்தில் லிஃப்டுக்கு ஓடினார்கள். காசு கொடுத்து முந்தி ஏறிய நாங்கள், அப்போதுதான் ஏறியவர்களுக்குப் பின்னால் நின்றோம்.

சரி, கப்பல் என்றால் அப்படித்தான், காலையில் ஒரு கூட்டம் இறங்கி மத்தியானம் இன்னொரு கூட்டம் ஏறுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று லாட்ஜ்காரனுக்குத் தெரியும். பழைய பயணிகள் ஒருவர் விடாமல் இறங்கினார்களா என்று கணக்குப் பார்த்துச் சரியான பிறகுதான் புதியவர்களை ஏற்ற வேண்டும். அதற்குள் மெத்தை விரிப்பு, துண்டு, கழிப்பறை, குப்பை. எனக்கு 22 அறை, மூன்று ரூம் பாய். அதற்கே ஞாயிற்றுக்கிழமை மூச்சு முட்டும். உங்களுக்கு ஆயிரத்துக்கு மேல், கையில் இருப்பது நாலைந்து மணி நேரம்.

ஆனால் மறுநாள் காலை எங்கள் அறையைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன். பிலிப்பைன்ஸ்காரர், தங்கமான பிள்ளை, அம்மாவுக்கு ராத்திரி கூடுதல் தலையணை கொண்டுவந்து கொடுத்தவர். அவர் பொறுப்பில் பதினைந்துக்கு மேல் அறைகள். தொழில்காரன் புத்தி சும்மா இருக்குமா, எந்த வரிசையில் சுத்தம் செய்வீர்கள் என்று கேட்டேன். நடையின் தொடக்கத்திலிருந்து வரிசையாக என்றார். எங்களுடையது மூன்றாவது அறை. நேற்று எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்றேன். பதினொன்றுக்கு முன்பே என்றார்.

நாங்கள் கப்பலுக்குள் கால் வைத்தபோதே எங்கள் படுக்கை விரித்துத் தயாராக இருந்திருக்கிறது. குளியலறையில் புதுத் துண்டு தொங்கியிருக்கிறது. எங்களுக்கும் அதற்கும் நடுவே இருந்தது வேலை அல்ல, எல்லா அறையும் முடிந்த பிறகே கதவைத் திறப்போம் என்கிற ஒரு முடிவு. இதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

என் லாட்ஜில் எப்படி என்று சொல்கிறேன். பாண்டியன் எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து விடியற்காலையில் வந்து சேரும். மீனாட்சியைப் பார்க்க வருகிறவர்கள் நிறைய இறங்குவார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது கட்டிலும் அல்ல, டிவியும் அல்ல, ஒரு பக்கெட் வெந்நீர். குளித்து, துணி மாற்றி, மதியம் 12.30க்கு நடை சாத்துவதற்குள் கோயிலுக்குப் போய்விட வேண்டும். எங்கள் பக்கத்து லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறுக்கு வந்தால் மறுநாள் ஆறுக்குக் காலி செய்யலாம். அதனால் எந்த அறை எப்போது காலியாகும் என்பது முதல் நாள் ராத்திரியே தெரியும். யார் வயதானவர்களோடு வருகிறார்கள், யாருக்குக் கைக்குழந்தை என்று போனில் கேட்டுப் பேரேட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு வைப்போம். ரூம் பாய் மாடி வரிசையில் போக மாட்டான், சிவப்புக் கோட்டு வரிசையில்தான் போவான். மூன்றாவது மாடி நாறிக்கிடந்தாலும் தரைத்தளத்து இரண்டு அறைகள் ஐந்தரைக்குத் தயார். அறையே இல்லையா, குளிக்க மட்டும் ஒரு குளியலறை தனியாக உண்டு. இந்தத் தெருவில் இதெல்லாம் சாதாரணம், நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

எல்லா நாளும் ஒழுங்காக நடக்கும் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று என் லாட்ஜ் மாடிப்படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் முன்னுரிமை என்று சொல்லி மேல் காசு வாங்கியதில்லை.

கப்பலில் இது நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனம் 'ஃபாஸ்டர் டு தி ஃபன்' என்று ஒன்றை விற்கிறது. ஆளுக்கு அல்ல, அறைக்கு இவ்வளவு என்று கட்டணம். அதில் சீக்கிரம் அறைக்குப் போகலாம் என்பதை ஒரு சலுகையாக எழுதியே வைத்திருக்கிறார்கள். பல முறை பயணம் செய்த மேல்நிலை வாடிக்கையாளர்களுக்கு இதே வசதி காசில்லாமலும் கிடைக்கிறது. எண்ணி அளவாகத்தான் விற்கிறார்கள், எல்லோருக்கும் கொடுப்பதில்லை. அது போதும். அந்தச் சில அறைகளை முதலில் முடித்தால் ஆயிற்று.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. நடையில் அழுக்குத் துணி மூட்டை, தள்ளுவண்டி, அதற்கு நடுவே பயணிகள் பெட்டியை உருட்டினால் பையன்களுக்கு வேலை ஓடாது. 'என் அறை முடிந்ததா' என்று ஆளாளுக்குத் தலையை நீட்டுவார்கள். அப்படி நீட்டும் தலைகளை நானும் தினம் பார்க்கிறேன். அதனால் பையன்களை விரட்டி வேலை வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே ஓட்டமாகத்தான் ஓடுகிறார்கள். வரிசையை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் இரண்டு அறை முதலில். முடிந்ததும் அந்த அறைக்காரருக்கு மட்டும் போனில் ஒரு செய்தி. பையை வைத்துவிட்டு வரவாவது விடுங்கள். லிஃப்ட் முன்னால் நடக்கிற தேர்த் திருவிழாவும் பாதியாகக் குறையும்.

எல்லாவற்றிலும் முந்த வேண்டும் என்று நினைக்கிற ஆள் இல்லை நான். கப்பல் கிளம்பும் முன் எல்லோரும் அவரவர் கூடுமிடத்துக்குப் போய், ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலர் அந்தப் பயிற்சியையே பார்த்திருக்கவில்லை. அப்போதெல்லாம் ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது விதி. அதை மாற்றி, கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று 2015 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இதில் முன்னுரிமை கிடையாது, இருக்கவும் கூடாது. எது அப்படிப்பட்ட விதி, எது உங்கள் சௌகரியத்துக்கு நீங்களே போட்டுக்கொண்டது என்று பிரித்துப் பார்க்கிற அளவு பயணிகளுக்கு விவரம் உண்டு.

இன்னொன்று. மூன்றாம் நாள் உடற்பயிற்சிக் கூடத்தை எட்டிப் பார்க்கப் போனேன், சும்மாதான். பக்கத்தில் உடை மாற்றும் அறை. அதற்குள் வெந்நீரோடு நல்ல குளியலறைகள், துண்டு அடுக்கி வைத்திருந்தது. பயணிகள் யார் வேண்டுமானாலும் போகலாமாம், ஏறிய நாளிலிருந்தே. அன்று கதவருகே நின்ற பெண்ணுக்கு இது தெரியாதா? சாப்பாடு மேலே என்று சொல்லக் கற்றுக்கொடுத்தீர்கள், குளிக்க அங்கே போங்கள் என்று சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. ராத்திரி விமானத்தில் வந்திறங்கும் நம் ஊர் ஆட்கள் உங்கள் கப்பலில் நிறையப் பேர். பாதிக் குடும்பங்களில் பெரியவர்கள் இருந்தார்கள், நானே பார்த்தேன். காசே செலவில்லாமல் செய்யக்கூடியது இதுதான்.

ஊருக்கு வந்ததும் உங்களுக்கு எழுதினேன். முன்னுரிமை என்பது கப்பலில் ஏறுவதற்கு மட்டுமே பொருந்தும், நிபந்தனைகளில் குறிப்பிட்டிருக்கிறோம் என்று நாலு வரியில் பதில் வந்தது. தேடிப் பார்த்தேன், இருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற எழுத்தில். அதையே விற்கிற இடத்தில் பெரிதாகப் போடலாம்: 'சீக்கிரம் ஏறலாம், அறை இரண்டரைக்குத்தான்.' போட்டிருந்தால் நான் சாங்கியிலேயே அம்மாவைக் குளிக்க வைத்திருப்பேன், முன்னுரிமைக்குக் கொடுத்த காசும் மிச்சமாகியிருக்கும். போடமாட்டீர்கள் என்றால் அறையைக் கொடுங்கள். வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் காசில்லாமலே கொடுங்கள். காசு வாங்கி விற்பதை அதற்கு அப்புறம் விற்றுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் கோயிலிலேயே கட்டண தரிசனம் உண்டு. காசு கொடுத்தவரைச் சாமி முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். கோபுரத்துக்குள் மட்டும் சீக்கிரம் விட்டுவிட்டுப் பிராகாரத்தில் உட்கார வைப்பதில்லை.

அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டே திருநீறு பூசியதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத் தேனியில் இருக்கும் என் அத்தையும் வருகிறேன் என்கிறார். அவருக்கும் குளிக்காமல் சாப்பிடுகிற பழக்கம் கிடையாது. டிராவல்ஸ்காரர் அடுத்த ஆடிக்கு அட்வான்ஸ் கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டார். அறை எத்தனை மணிக்கு என்று உங்களிடம் எழுத்தில் வாங்கி வாருங்கள், அன்றே கட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ்காரன்,
மதுரை